பறவை முதலுதவிப் பெட்டி: அட்டைக் கூடு அருமை, சிரிஞ்சும் தீவனப் பொடியும் ஆபத்து

வீட்டு வாசலிலோ பால்கனியிலோ அடிபட்டோ நோயுற்றோ விழுந்து கிடக்கும் காட்டுப் பறவைக்கு முதலுதவி செய்வதற்கென்றே விற்கப்படும் பெட்டி ஒன்றை ஓராண்டுக்கும் மேலாக வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் மூன்று பறவைகளுக்காக அதைத் திறக்க நேர்ந்தது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் உள்ள அட்டைக் கூடும் பருத்தித் துணியும் விவரச் சீட்டும் மிக நன்றாக இருக்கின்றன. அவற்றுக்காகவே இதை வாங்கலாம். ஆனால் மேலட்டையில் பெரிய படமாகப் போட்டிருக்கும் சிரிஞ்சும் தீவனப் பொடியும் பயிற்சி இல்லாதவர் கையில் பறவையைக் கொன்றுவிடக்கூடியவை. அவற்றை இந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தயாரிப்பாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே பொருட்கள் அடங்கிய எந்தப் பெட்டியை வாங்கினாலும் நான் எழுதப்போவது பொருந்தும்.

இதை வாங்கியதற்குப் பின்னால் ஒரு வருத்தம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, இறகு முளைக்காத குஞ்சு ஒன்று எங்கள் வீட்டு மாடிப்படியில் விழுந்து கிடந்தது. அது வாயைத் திறந்து திறந்து மூடியதைத் தாகம் என்று நினைத்துக்கொண்டு, கண் மருந்துக் குப்பியின் முனையால் நான்கைந்து சொட்டுத் தண்ணீரை அதன் வாயில் விட்டேன். அடுத்த கணம் அதன் மூக்குத் துளையில் கடுகளவு நீர்க்குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. விடியும் முன்பே அது இறந்துவிட்டது. பசியாலோ விழுந்த அடியாலோ அது சாகவில்லை, நான் கொடுத்த தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனதால்தான் செத்தது என்பதைப் பிற்பாடு ஒரு கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் தெரிந்துகொண்டேன். இனி ஒரு பறவை வந்து விழுந்தால் சரியானதைச் செய்ய வேண்டும் என்ற நினைப்பில்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

பெட்டிக்குள் இருப்பவை இவை: மடித்து விரிக்கக்கூடிய அட்டைக் கூடு, இரண்டு பருத்தித் துணிகள், மெல்லிய கையுறைகள், சூடு தரும் பொட்டலங்கள் நான்கு, ஊசியில்லாத சிரிஞ்சு, ஒரு பாக்கெட் தீவனப் பொடி, ஒரு களிம்புக் குழாய், காஸ் துணி, ஒட்டும் பிளாஸ்திரி, முனை மழுங்கிய கத்தரிக்கோல், கண்ணாடியில் ஒட்டுவதற்குப் பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒன்று, ஒரு கையேடு, கண்டெடுத்த இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கூட்டின் மேல் ஒட்டும் விவரச் சீட்டு. கத்தரிக்கோல் நன்றாக வெட்டுகிறது. காஸ் துணியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் வந்தது ஒரு புள்ளிப்புறா. காலை வெயிலில் எங்கள் கண்ணாடிக் கதவு எதிரே இருக்கும் மரத்தை அப்படியே பிரதிபலிக்கும். அந்த மரத்தை நோக்கிப் பறந்த புறா கண்ணாடியில் மோதிய சத்தம் உள்ளறை வரை கேட்டது. ஓடிவந்து பார்த்தபோது கண்ணாடியில் அதன் உருவம் அச்சாகப் பதிந்திருந்தது. புறாக்களின் இறகுகளில் மெல்லிய வெண்பொடி இருக்கும். அந்தப் பொடியால் விரிந்த இரண்டு சிறகுகளும் மார்பும் திரும்பிய தலையும் கண்ணாடியில் வரைந்ததுபோல் தெரிந்தன. புறா கீழே, கண்களைப் பாதி மூடி, இடச் சிறகைச் சற்றே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. துணியை அதன் மேல் மெதுவாகப் போர்த்தி, சிறகுகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி இரு கைகளாலும் எடுத்துக் கூட்டில் வைத்தேன். எடுக்கும்போது நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு ஓடும். தப்பித்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்பவர்கள் தங்களை அறியாமலேயே அதன் மூச்சை நிறுத்திவிடுகிறார்கள். கையேட்டில் இந்த எச்சரிக்கை தடித்த எழுத்தில் இருக்கிறது. அதற்காகத் தயாரித்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

அட்டைக் கூட்டை வடிவமைத்தவர் பறவைகளோடு பழகியவராக இருக்க வேண்டும். மூச்சுத் துளைகளை மேல்மூடியில் போடாமல் பக்கச் சுவர்களின் கீழ்ப்பகுதியில் போட்டிருக்கிறார். வெளிச்சம் மேலிருந்து வந்தால் பறவை அதை நோக்கி எம்பி எம்பித் தலையை இடித்துக்கொள்ளும். கீழிருந்து மங்கலாக வந்தால் அடங்கி உட்கார்ந்துவிடும். பார்வையை நம்பி வாழும் உயிருக்கு இருட்டைவிட நல்ல அமைதி மருந்து கிடையாது. மனிதக் கை, மனிதக் குரல், மனித முகம் எல்லாமே காட்டுப் பறவைக்கு வேட்டை விலங்கின் அடையாளங்கள். நாம் அன்போடு தடவிக்கொடுக்கும்போது அது சாவு வந்துவிட்டது என்று உறைந்துபோய் இருக்கிறதே தவிர, நம்மை நம்பி அமைதியாக இருக்கவில்லை. அதனால்தான் கம்பிக் கூண்டைவிட அட்டைக் கூடு மேலானது. கம்பிக்குள் எல்லாப் பக்கமும் தெரிவதால் பறவை மோதிக்கொண்டே இருக்கும், சிறகிறகுகள் கம்பியில் உரசி ஒடியும். இறகு ஒடிந்த பறவைக்குக் காயம் ஆறிய பிறகும் பறக்க முடியாது. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும் வரை, சில நேரம் மாதக் கணக்கில், அது அடைபட்டே கிடக்க வேண்டியிருக்கும். அட்டையின் தடிமனும் போதுமானது. புறா எச்சமிட்டு நனைந்த பிறகும் அடிப்பாகம் இளகவில்லை. அளவு மட்டும் ஒரு குறை. புறாவுக்குச் சரியாக இருந்தது. காகம் அளவுள்ள பறவைக்கு நெருக்கமாக இருக்கும்.

கண்ணாடியில் மோதிய பறவைகள் பல, இருட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் தனியாக விடப்பட்டாலே தெளிந்து பறந்துவிடும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் பெரிய இடைஞ்சல். நான் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூட்டை வெளியே எடுத்துச் சென்று, வானம் தெரியும் இடத்தில் வைத்து மூடியைத் திறந்தேன். வீட்டுக்குள் திறந்தால் தெளிந்த பறவை மறுபடியும் ஜன்னலில் மோதும். புறா எழுந்து நின்றது, கூட்டின் விளிம்பில் ஏறியது, ஆனால் பறக்க முயன்றபோது ஒரு பக்கமாகச் சரிந்தது. துணியால் மூடி மறுபடி கூட்டில் வைத்து, வனவிலங்கு மீட்பு மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், தோளை நெஞ்செலும்போடு இணைத்துத் தாங்கும் கோரகாய்டு எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. கண்ணாடியில் மோதும் பறவைகளுக்கு இந்த முறிவு மிகச் சாதாரணம் என்றும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்றும் மருத்துவர் சொன்னார். பிளாஸ்திரி எதுவும் சுற்றாமல் கொண்டுவந்ததற்காக அவர் மகிழ்ந்தார்.

பெட்டியில் இருக்கும் அந்த ஒட்டும் பிளாஸ்திரியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது மனிதத் தோலுக்கானது. இறகில் ஒட்டினால், எடுக்கும்போது இறகோடுதான் வரும். பறவையின் எலும்பு ஏறக்குறைய மூன்று வாரத்தில் கூடிவிடும். ஆகவே தவறான நிலையில் கட்டினால் தவறான நிலையிலேயே கூடி, பிறகு சரிசெய்யவே முடியாமல் போகும். அதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான பறவைகளின் மேற்சிறகு எலும்பு உள்ளே காற்றுள்ள குழல். அது சுவாசக் காற்றுப் பைகளோடு இணைந்திருக்கிறது. அந்த எலும்பு முறிந்து திறந்த காயமாக இருக்கும்போது, கழுவுகிறேன் என்று மருந்து நீரை அதில் ஊற்றினால் அது மூச்சுப் பாதைக்குள் போய்ச் சேரும். சிறகில் காயம் என்றால் நாம் செய்யக்கூடியது கூட்டில் வைத்து அசையாமல் கொண்டுபோவது மட்டுமே. கையேடு சிறகுக் கட்டு போடுவதற்கு இரண்டு பக்கப் படங்கள் கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கங்களை நான் கத்தரித்து எடுத்துவிட்டேன்.

பருந்து ஸ்டிக்கரும் வீண். ஒரு கண்ணாடியில் ஒரே ஒரு பருந்து உருவத்தை ஒட்டினால், பறவைகள் அந்த உருவத்தைத் தவிர்த்துவிட்டு அதற்குப் பக்கத்தில் மோதும். அசையாத அந்த உருவத்தை அவை பருந்தாகவே எண்ணுவதில்லை. கண்ணாடி முழுவதும், அதுவும் வெளிப்புறத்தில், ஏறக்குறைய 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால்தான் ‘இங்கே வழி இல்லை’ என்று பறவைக்குப் புரியும். அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் வரை இறக்கின்றன என்று 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தப் புறாவுக்குப் பிறகு எங்கள் கதவின் வெளிப்பக்கம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்தக் கதவில் ஒரு பறவையும் மோதவில்லை.

பருத்தித் துணிக்கு வருகிறேன். துணியைத் தேர்ந்தெடுத்ததில் அக்கறை தெரிகிறது. நம் வீட்டுத் துவாலைகளில் இருக்கும் நூல் வளையங்களில் பறவையின் நகம் மாட்டிக்கொள்ளும். உதறும்போது விரலோ காலோ பிசகும். பஞ்சு அதைவிட மோசம். இந்தத் துணி பழைய பனியன் துணிபோல் வழவழப்பாக, இழை பிரியாமல் இருக்கிறது. பலமுறை துவைத்தும் அப்படியே இருக்கிறது. பறவையை மூடிப் பிடிப்பதற்கு ஒன்று, கூட்டின் அடியில் விரிப்பதற்கு ஒன்று என இரண்டு கொடுத்திருப்பதும் சரியான யோசனை.

சூடு தரும் பொட்டலங்கள் எனக்குக் கவலையளித்தன. பறவையின் உடல் வெப்பம் நம்முடையதைவிட அதிகம். பெரும்பாலான பறவைகளுக்கு 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அடிபட்டோ பட்டினியாலோ சோர்ந்துபோன பறவையால் அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது, ஆகவே இறகுகளைப் பந்துபோல் உப்பவைத்துக்கொண்டு கண்ணைச் செருகி உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் இதமான சூடு உயிர் காக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் பொட்டலங்கள் உள்ளே இருக்கும் இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வெளிப்படும் வெப்பத்தால் இயங்குபவை. 50 டிகிரிக்கு மேலும் ஏறக்கூடியவை. ஒரு துணி மடிப்புக்கு அடியில் வைத்தும், நான் கூட்டில் வைத்திருந்த சிட்டுக்குருவிக் குஞ்சு பத்து நிமிடத்தில் அலகைத் திறந்து, சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சிரைத்தது. உடனே பொட்டலத்தை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய ஒரு சிறிய பாட்டிலைக் காலுறைக்குள் போட்டுக் கூட்டின் ஒரு ஓரத்தில் வைத்தேன். கால் மணி நேரத்தில் அது இயல்பாக மூச்சுவிட்டது. சூட்டைக் கூட்டின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும், மறுபாதி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், பறவையே தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது எளிய விதி. கையேட்டில் அது இல்லை. தலையில் அடிபட்ட பறவைக்குக் கூடுதல் சூடு தரக்கூடாது என்பதும் இல்லை. பாட்டிலும் ஆறிப்போனால் பறவையின் சூட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால், அவ்வப்போது நீரை மாற்ற வேண்டும்.

இனி சிரிஞ்சு. பறவையின் வாயை மெல்லத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், வாயின் தரையிலேயே, ஒரு சிறு பிளவு திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். நமக்கு விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடிக் காக்கும் குரல்வளை மூடி ஒன்று உண்டு. பறவைக்கு அது கிடையாது. தானாகக் குடிக்கும் பறவை அந்தப் பிளவைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும். மயக்கத்திலோ அதிர்ச்சியிலோ இருக்கும் பறவையின் வாயில் நாம் வலிந்து விடும் நீர் நேராக அதற்குள் இறங்கும். அன்று மாடிப்படியில் கிடந்த குஞ்சுக்கு நடந்தது இதுதான். கையேட்டில் ‘சோர்ந்திருக்கும் பறவைக்கு உடனே 2 மி.லி. குளுக்கோஸ் நீர் புகட்டவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு சிட்டுக்குருவியின் மொத்த எடையே ஏறக்குறைய 30 கிராம்தான். புறாவுக்கும் சிட்டுக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. இந்த வரியை நம்பி எத்தனை பேர் நல்ல மனதோடு எத்தனைப் பறவைகளை மூழ்கடித்திருப்பார்கள் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

பறவைகளைப் பராமரிப்பவர்கள் ஒரு வரிசையைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள்: முதலில் சூடு, பிறகு நீர், அதன் பிறகே உணவு. குளிர்ந்துபோன உடலில் குடல் இயங்காது. அந்த நிலையில் உணவு கொடுத்தால் அது உள்ளேயே கெட்டுப்போகும். உடலில் நீர் வற்றிய பறவைக்குத் திட உணவு கொடுத்தாலும் அதே ஆபத்துதான். எவ்வளவு நீர், வாய்வழியா தோலுக்கடியிலா என்பதையெல்லாம் எடை பார்த்து, பரிசோதித்து, பழகியவர்கள் தீர்மானிக்க வேண்டும். அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் சில மணி நேரத்துக்குள் பெரும்பாலான வளர்ந்த பறவைகள் பட்டினியால் சாவதில்லை. நாம் கொடுப்பதால் சாவதே அதிகம்.

தீவனப் பொடியோ, வளர்ப்புக் கிளிக் குஞ்சுகளுக்கு ஊட்டும் பொடி என்று பாக்கெட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. இதை ‘எல்லாப் பறவைகளுக்கும்’ என்று விற்பது சரியில்லை. வளர்ந்த சிட்டுக்குருவி தானியம் தின்னும்; ஆனால் தன் குஞ்சுக்கு அது பெரும்பாலும் புழுவையும் பூச்சியையும்தான் கொடுக்கும். புறாக் குஞ்சு முதல் நாட்களில் தாயும் தந்தையும் தங்கள் கழுத்துப் பையில் சுரந்து கொடுக்கும் தயிர்போன்ற கொழுப்புப் பாலை மட்டுமே உண்ணும். அதுவும் வாயைப் பிளந்து காட்டாமல், தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்து எடுத்துக்கொள்ளும். ஆந்தைக்கு இறைச்சி வேண்டும். உழவாரன் குருவிக்குப் பறக்கும் பூச்சிகளைத் தவிர வேறெதுவும் ஆகாது. பறவை எதுவென்று அடையாளம் காணாமல் ஒரே பொடியைக் கரைத்து எல்லாவற்றின் தொண்டையிலும் இறக்குவது முதலுதவி ஆகாது. இந்தப் பொடியைப் பாலில் கரைக்கலாம் என்ற குறிப்பும் இருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரையைப் பறவைகளால் செரிக்க முடியாது, வயிற்றுப்போக்கு வந்து இன்னும் நீர் வற்றும்.

சிட்டுக்குருவிக் குஞ்சைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அதைப் பூனை கவ்விக்கொண்டு வந்தது. வாயிலிருந்து விடுவித்துப் பார்த்தபோது ஒரு சொட்டு ரத்தம் கூட இல்லை. இறகுகளை ஊதி விலக்கிப் பார்த்தால்தான் முதுகில், குண்டூசி முனையளவில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கையேட்டின் அறிவுரைப்படி களிம்பைத் தடவிவிட்டு, ‘காயம் சிறியதாக இருந்தால் விட்டுவிடலாம்’ என்று விட்டிருந்தால் அது நிச்சயம் இறந்திருக்கும். பூனையின் எச்சிலில் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா உண்டு. பல்லோ நகமோ பட்ட துளை வழியாக அது ரத்தத்தில் கலந்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் பறவை இறந்துவிடும். பூனை கவ்விய பறவைக்கு, காயம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மருத்துவர் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் உடனே தேவை; மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அன்று மீட்பு மையம் மூடும் நேரத்துக்குச் சற்று முன்பு போய்ச் சேர்ந்தோம். ஐந்து நாள் மருந்துக்குப் பிறகு குஞ்சு மற்றச் சிட்டுகளோடு பெரிய கூண்டுக்கு மாற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. களிம்பால் இன்னொரு தீங்கும் இருக்கிறது: எண்ணெய்ப் பசையுள்ள எதைத் தடவினாலும் இறகுகள் ஒட்டிக்கொள்ளும், பறவை அதைக் கோதிக் கோதி விழுங்கும், குளிரையும் ஈரத்தையும் தடுக்கும் தன்மை இறகுக்குப் போய்விடும். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்து, இறந்த மாடுகளின் இறைச்சி வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்பது 2004இல் உறுதியானது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் 2006இல் கால்நடைகளுக்கான அந்த மருந்தைத் தடைசெய்தன. நமக்கு நல்லது செய்யும் மருந்து பறவைக்கு என்ன செய்யும் என்று நாமாக ஊகிக்கக்கூடாது.

கையுறைகள் சிறு பறவைகளுக்குப் போதும். ஆந்தை, பருந்து போன்றவற்றின் நகம் இவற்றைத் துளைத்துவிடும். அவற்றுக்குத் தடித்த போர்வை வேண்டும். கொக்கு, நாரை இனங்கள் நேராகக் கண்ணைக் குறிவைத்துக் கொத்தும் என்பதால் முகத்தை விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பறவைக் காய்ச்சலைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல் கூட இல்லாதது பெரிய குறை. எச்5என்1 வைரஸ் அண்மை ஆண்டுகளில் பல கண்டங்களில் காட்டுப் பறவைகளிடையே பரவியிருக்கிறது. கழுத்து முறுக்கிக்கொண்டு, நிலை தடுமாறிச் சுற்றிச் சுற்றி வரும் பறவையையோ, ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்து கிடப்பதையோ கண்டால் கையால் தொடாமல் கால்நடை நலத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும். எந்தப் பறவையைத் தொட்டாலும் பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுவதும், காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல் நனைத்துத் துடைப்பதும் நம்மைக் காக்கும்.

கையேட்டில் நல்ல பக்கம் ஒன்றும் இருக்கிறது. குஞ்சு கூட்டிலிருந்து விழுந்ததா, பறக்கப் பழக வெளியே வந்ததா என்று கண்டுபிடிக்கும் பக்கம் அது. உடல் வெறும் தோலாகவோ முள்போன்ற இறகுக் குருத்துகளோடோ இருந்தால் அது கூட்டில் இருக்க வேண்டியது; கூட்டைக் கண்டுபிடித்துத் திரும்ப வைக்க வேண்டும், முடியாவிட்டால் அடியில் துளையிட்ட சிறு கூடையில் காய்ந்த புல் போட்டு அருகிலேயே கட்டிவிட வேண்டும். உடல் முழுக்க இறகும் குட்டை வாலும் இருந்து, தத்தித் தத்தி நடந்து, விரலை இறுகப் பற்றுகிறது என்றால் அது பறக்கப் பழகும் இளம் பறவை; தாய் அருகில்தான் இருக்கும், பூனை வராத புதர் மறைவில் விட்டுவிட்டு நாம் விலகிப்போவதே உதவி. படங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அதே பக்கத்தின் அடியில் ‘மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஏற்காது, ஆகவே கூட்டில் திரும்ப வைக்க வேண்டாம்’ என்று எழுதி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள். இது உண்மையல்ல. கைபட்டது என்பதற்காகத் தாய்ப் பறவை தன் குஞ்சைக் கைவிடுவதில்லை. இந்த ஒரு வரியை நம்பி, தாயிடம் போக வேண்டிய குஞ்சுகள் வீடுகளில் அடைபட்டு இறக்கின்றன.

மூன்றாவதாக வந்தது ஓர் உழவாரன். பால்கனித் தரையில், அரிவாள்போல் நீண்ட சிறகுகளைப் பரப்பி, தவழ முடியாமல் கிடந்தது. உழவாரனுக்குக் கால்கள் மிகக் குட்டை. சுவரைப் பற்றித் தொங்குவதற்கு ஏற்றவையே தவிர நடப்பதற்கு ஏற்றவை அல்ல. ஐரோப்பாவில் கூடு கட்டும் உழவாரன் இனம் ஒன்று இனப்பெருக்கக் காலம் தவிர்த்து ஆண்டில் 10 மாதம் வரை வானத்திலேயே இருக்கிறது என்று 2016இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பறவை தரையில் கிடந்தால் அடிபட்டிருக்கிறதா, எழ இடமில்லாமல் தவிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையேடு ‘வானில் தூக்கி எறியுங்கள்’ என்கிறது. எலும்பு முறிந்த பறவையை எறிந்தால் என்ன ஆகும் என்று எழுதியவர் ஒரு கணம் யோசித்திருக்கலாம். மீட்பு மையத்தில் தொலைபேசியில் சொன்னபடி, முதலில் அரை மணி நேரம் அட்டைக் கூட்டில் வைத்தேன். சிறகுகள் இரண்டும் சமமாக மடிந்திருக்கின்றனவா, ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு திறந்த வெளியில் உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்து, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அசையாமல் நின்றேன். அது பறக்கவில்லை. முதலில் உடல் முழுவதும் நடுங்கியது. குளிரில் நடுங்குவதுபோல் இல்லாமல், இயந்திரம் சூடேறுவதுபோல் சீரான நடுக்கம். அதன் நகங்கள் என் விரல் நுனியை இறுக்கின. இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். எடை இல்லாமல் போனதை உணர்ந்த பிறகுதான் அது கிளம்பிவிட்டது என்று தெரிந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் மாடிகளுக்கு மேலே போய்விட்டது.

பெட்டியில் இல்லாத ஒன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது: யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதிவைக்க ஓர் இடம். பறவை விழுந்த பிறகு எண்ணைத் தேடினால் பதற்றத்தில் அரை மணி நேரம் போய்விடும். அருகிலுள்ள மீட்பு மையம், காட்டுப் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர், அவர்கள் இயங்கும் நேரம் ஆகியவற்றை வாங்கிய அன்றே கேட்டு எழுதிவைப்பது நல்லது. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் காட்டுப் பறவைகளை எடுத்துக்கொள்வதில்லை. பல நாடுகளில் காட்டுப் பறவையை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதையும் கையேடு சொல்லவில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டமும் இதில் கண்டிப்பானவை. சட்டம் ஒருபுறம் இருக்க, தனியாக மனிதர் கையில் வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனமாக எண்ணிக்கொள்ளும். பிறகு தன் இனத்தோடு சேரவும் தெரியாது, பூனைக்குப் பயப்படவும் தெரியாது.

ஆகவே, வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள்; வீட்டில் உறுதியான காலணி அட்டைப் பெட்டியும் பழைய பனியனும் இருந்தால் பக்கவாட்டில் கீழே துளையிட்டு நீங்களே செய்துகொள்ளவும் முடியும். சிரிஞ்சு, பொடி, களிம்பு, ஒட்டும் பிளாஸ்திரி, ஸ்டிக்கர் ஆகியவற்றை நான் எடுத்துவிட்டேன். அவற்றின் இடத்தில் ஒரு சிறிய வெந்நீர் பாட்டில், காலுறை, காகித டேப், கூட்டின் மூடியில் ஒட்டிய இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கின்றன. தயாரிப்பாளருக்குக் கையேட்டின் பிழைகளைப் பக்க எண்ணோடு எழுதி அனுப்பினேன். ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. புதிய பதிப்பு வந்ததா என்று இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை.

விவரச் சீட்டைப் பற்றிக் கடைசியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். வாங்கியபோது இது எதற்கு என்று நினைத்த பொருள் அது. புறாவைக் கொடுத்த அன்று அதில் இடம், நேரம், என்ன நடந்தது என்பவற்றை எழுதிக் கூட்டின் மேல் ஒட்டியிருந்தேன். நான்கு வாரம் கழித்து மையத்திலிருந்து அழைத்தார்கள். வளர்ந்த பறவைக்குத் தன் இடமும், இரை கிடைக்கும் மூலைகளும், பெரும்பாலும் ஒரு துணையும் இருக்கும் என்பதால், எடுத்த இடத்திலேயே விடுவதுதான் அவர்கள் வழக்கம். சீட்டில் இடம் சரியாக எழுதியிருந்ததால் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதே அட்டைக் கூட்டில்தான் புறா திரும்பி வந்தது. கதவுக்கு எதிரே இருக்கும் மரத்தடியில் வைத்து மூடியைத் திறந்துவிட்டுப் பத்தடி பின்னால் வந்து நின்றேன். விளிம்பில் ஏறி, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, இரண்டு சிறகையும் சமமாக அடித்துக்கொண்டு மரத்தின் நடுக் கிளைக்குப் போனது. பழைய சீட்டு இன்னும் கூட்டின் மேல் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே, வெளியே விட்ட தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.